நாலு திருப்பு

பெங்களூர் ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் இரண்டாவது மாடிக்கு முப்பத்தெட்டுப் படிகள். முதல் மாடிவரை இருபது, அதற்கு மேல் பதினெட்டு. இரண்டும் பத்தொன்பதாக இருந்திருந்தால் ஏறும்போது மனதுக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும். கட்டியவர் கீழே ஒரு படியைக் கூட்டிப் போட்டுவிட்டு மேலே குறைத்திருக்கிறார். குடிவந்த வாரமே வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஏற முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

மனைவி போய் நான்கு வருடமாகிறது. மகன் வைட்ஃபீல்டில் இருக்கிறான். அவன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு; ஏழு மாதம் இருந்து பார்த்தேன். காலை எட்டரைக்கு அவனும் மருமகளும் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகும். பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஒரு சத்தம் மேலே ஏறி வராது. இங்கே தெருவில் தமிழ் கேட்கிறது. தண்ணீர் லாரிக்காரரோடு யாராவது சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் எனக்குப் பங்கில்லை என்றாலும் காதில் விழுகிறது. மாதம் இரண்டு ஞாயிறு வருவதாக மகன் சொல்லியிருந்தான். இந்த வருடம் இதுவரை பதினாறு முறை வந்திருக்க வேண்டும். ஒன்பது முறை வந்தான். நான் குறையாகச் சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

இந்த வருடம்தான் கவனித்தேன், இந்த ஊரில் எதுவும் நேராக இல்லை. எங்கள் தெருவில் பதினோரு மின்கம்பங்கள். அதில் ஐந்து வளைந்தவை. குளியலறைச் சுவரில் ஓடுகளுக்கு நடுவே ஓடும் கோடு பாதியில் தொய்கிறது. படுக்கையறை ஜன்னலில் ஏழு கம்பிகள், நான்காவது கம்பி இடுப்பில் வளைந்திருந்தது. மூன்று தடவை சொன்ன பிறகு வீட்டுக்கார அம்மா ஒரு வெல்டிங்காரரைக் கூட்டிவந்தார். அவர் கம்பியின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, கருவிப்பையைத் திறக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

"உங்களுக்கு எதுதான் சார் நேரா இருந்திருக்கு?" என்றார் அந்த அம்மா. கோபமில்லை. தர்மபுரிக்காரர், பேச்சே அப்படித்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு பொருள் நேரா கோணலா என்று சொல்வதையே முப்பத்தோரு வருடம் வேலையாகச் செய்தவன் நான்.

தமிழ்நாட்டில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில், குழல் பார்க்கும் பிரிவில் இருந்தேன். வடக்கு நோக்கி ஒரு பெரிய ஜன்னல், பால்நிறக் கண்ணாடி, அதன் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. குழலின் பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, முன்வாயை அந்தப் பட்டைக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், பட்டையின் நிழல் குழலுக்குள் இரண்டு கோடுகளாக விழும். நம் பக்கத்தில் அகன்றும், போகப் போக நெருங்கியும் ஓடும். குழல் நேரென்றால் கோடுகள் நூல் பிடித்தாற்போல் போகும். மயிரிழை வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் கோடு வயிறு தள்ளும்.

ஒரு பார்வையோடு விடக்கூடாது. குழலைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். அப்படி நான்கு முறை. வளைவு குழலில் இருந்தால் குழலோடு சேர்ந்து அதுவும் திரும்பும். மேலே தெரிந்தது பக்கவாட்டுக்குப் போகும், பிறகு கீழே போகும். எங்கள் பிரிவில் இதற்கு நாலு திருப்பு என்று பெயர். நாளுக்கு நூற்றிருபது குழல், நானூற்றெண்பது திருப்பு. இதைத் தவிர, தோட்டா உட்காரும் அறையை அளக்க இரண்டு இரும்புக் கட்டைகள் உண்டு. ஒன்றைப் போட்டால் அறையை அடைக்கும் போல்ட் மூட வேண்டும், அது கோ. மற்றதைப் போட்டால் மூடக் கூடாது, அது நோ-கோ. நாளடைவில் எல்லாவற்றுக்கும் நாங்கள் அந்த இரண்டு சொல்லையே வைத்துக்கொண்டோம். கேன்டீன் சாம்பார் நோ-கோ. பெண் பார்த்துவிட்டு வந்தவனிடம் கோவா, நோ-கோவா என்றுதான் கேட்போம்.

அந்த நாட்களில் ராணுவத்தின் சார்பில் துப்பாக்கிகளைச் சரிபார்த்து வாங்கிப்போக வந்தவர்களில் குடகுக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். தமிழ்நாட்டில் வேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். நடுநடுவே கன்னடம் தானாக வந்து விழும். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறார். ஓய்வு பெற்று இப்போது மடிக்கேரிக்கு அப்பால் காப்பித் தோட்டத்தோடு இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை போன் செய்வார். ஆடிக் கடைசியில் வந்தது இந்த வருடத்தின் மூன்றாவது போன், அதனால் எடுக்கும்போதே கொஞ்சம் பயந்தேன்.

விஷயம் இதுதான். அவர்கள் வீடுகளில் துப்பாக்கி நமக்குக் குத்துவிளக்கு மாதிரி. ஆவணியில் நாற்று நட்டு முடிந்ததும் ஒரு நாள், அதை நடுவீட்டில் பலகைமேல் வைத்து, குழலின் வாயில் ஒரு செங்காந்தள் பூவைச் செருகிக் கும்பிடுவார்கள். அந்தப் பூவுக்கே அவர்கள் பாஷையில் துப்பாக்கிப் பூ என்றுதான் பெயர். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய துப்பாக்கி துருப்பிடித்து, இனிச் சுட்டால் ஆபத்து என்றானபின் ஒப்படைத்துவிட்டார்கள். போன ஆவணியில் வெறும் பலகைமேல் பூவை மட்டும் வைத்திருக்கிறார்கள். எண்பத்தெட்டு வயதான அவர் அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். அடுத்த ஆவணிக்கு அம்மா இருப்பாரோ இல்லையோ, இந்த ஆவணிக்குப் பலகை வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அவர் ஆசை. அனுமதிக்கும் வேறு காகிதங்களுக்கும் அலைந்து, ஐந்து மாதம் காத்திருந்த பிறகு, பெங்களூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் புது ரைஃபிள் வந்து சேர்ந்திருந்தது. வேட்டைத் துப்பாக்கி. வேட்டை நின்று எத்தனையோ காலமாகிறது. வயலில் இறங்கும் காட்டுப்பன்றியை வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாம், பண்டிகையன்று மரத்தில் தேங்காயைக் கட்டிக் குறி பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் செய்கிறவர்கள் வேட்டைக்கென்றேதான் செய்கிறார்கள்.

"நீங்க பாத்து கோன்னு சொன்னாத்தான் சார் நான் எடுப்பேன்," என்றார்.

போனை வைத்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பொருளைப் பார்த்துச் சொல்லும்படி யாராவது என்னிடம் கேட்டுப் பதினோரு மாதமாகியிருந்தது. அதுவும் பக்கத்து வீட்டுக்காரர், கரண்ட் பில்லில் இருந்தது ஆறா எட்டா என்று. அவர் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமைக்கான சட்டையைச் செவ்வாயன்றே இஸ்திரி போட்டு வைத்தேன். பூதக்கண்ணாடி, டார்ச், ஒரு தபால் அட்டை, கறுப்பு இன்சுலேஷன் டேப், பழைய மல் துணி என்று ஐந்து பொருள்களைப் பையில் எடுத்து வைத்தேன். மூன்று நாளில் எத்தனை தடவை அதைத் திறந்து சரிபார்த்தேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

நண்பர் விடியற்காலையில் ஊரிலிருந்து ஜீப்பில் கிளம்பி வந்து, தெருவை அடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டு, மேலே ஏறி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே முப்பத்தெட்டா என்று கேட்டார். கண்டோன்மென்ட் பக்கத்தில் பழைய கட்டடம் ஒன்றில் அந்தக் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவர் அப்பா காலத்துக் கடை. வீட்டில் உருது பேசுகிறவர், எங்களோடு தமிழ் பேசினார். மேஜைமேல் பச்சைக் கம்பளியை விரித்து ரைஃபிளை வைத்தார்.

நல்ல பொருள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளியே தெரியும் திருகுகள் எட்டு. ஒன்றின் தலையிலும் திருப்புளி வழுக்கிய தழும்பு இல்லை. இரும்பின் கருநீலம் ஒரே சீராக ஏறியிருந்தது. தோளில் ஊன்றும் கட்டை வால்நட் மரம், ரேகை கைப்பிடியின் போக்கிலேயே ஓடியது. கட்டையும் இரும்பும் சேரும் இடங்களில் நகம் நுழையவில்லை. போல்ட் பின்னால் வரும்போது அரைத்துக்கொண்டு வரவில்லை, எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்போல் வந்தது. காலி அறைதான் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு விசையை இழுத்தேன். முதலில் கொஞ்சம் தளர்வு, பிறகு ஒரு தடை, பிறகு பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிவதுபோல் சுத்தமாக விட்டது. மரம் குழலை எங்கும் தொடக்கூடாது என்பதால், குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் தபால் அட்டையை ஓட்டிப் பார்த்தேன். வலதுபுறம் ஓரிடத்தில் லேசாகப் பிடித்தது. மரத்தைக் கொஞ்சம் சுரண்டினால் சரியாகும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நண்பர் தலையாட்டினார். வேறு வேலையாக வந்திருந்த ஒருவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் என் முதுகு வலிக்கவில்லை.

கடைசியில் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, கடையின் ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டினேன். குழலைத் தூக்கி வலது கண்ணில் வைத்தேன். கோடுகள் விழுந்தன. பாதிக்குச் சற்று அப்பால், வலதுபக்கக் கோடு வயிறு தள்ளியிருந்தது.

எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பதினைந்து வருடம் கழித்தும் ஒரே பார்வையில் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். குழலைக் கம்பளிமேல் வைத்துவிட்டு, நோ-கோ என்றேன்.

கடைக்காரர் நம்பவில்லை. அதே ரகத்தில் கையிருப்பில் இருந்த இன்னொன்றை எடுத்துவந்தார். அதிலும் அதே இடம், அதே வயிறு. அதற்கும் நோ-கோ என்றேன்.

"ரெண்டும் கோணலா சாப்?" என்றார் அவர். "ரெண்டும் ஒரே இடத்துலயா?"

ஒரே இயந்திரத்தில் வந்திருந்தால் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று பதில் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் எழுந்துவிட்டார். "சார் சொல்லியாச்சு. ஆயித்து," என்றார். ஆயிற்று, முடிந்தது. பண்டிகைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. வேறு ரைஃபிள் அதற்குள் வராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மதியம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். அவர் அதிகம் பேசவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றி என் மனைவி வைக்கும் வத்தக்குழம்பைப் பற்றிப் பேசினார். நான்தான் அதிகம் பேசினேன். இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஒரு மனிதரோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ரைஃபிள் வந்தால் பார்ப்பதற்கு அவர் மறுபடி வரவேண்டியிருக்கும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு இன்னொரு காப்பி சொன்னேன்.

திங்கட்கிழமை காலை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, பிளம்பர் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. இரண்டடி இருக்கும். நான் அதை எடுத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. பழக்கம். எதிர்வீட்டுத் துணிக்கொடியை நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெளிச்சம் கோடாக விழுந்து, பாதிக்குச் சற்று அப்பால் வலதுபுறம் வயிறு தள்ளியது. பிளாஸ்டிக்தானே, வளைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கை தன் பழக்கத்துக்குக் கால் சுற்றுத் திருப்பியது.

வளைவு திரும்பவில்லை. இருந்த இடத்திலேயே நின்றது.

இன்னொரு கால் சுற்று. அங்கேயே. மூன்றாவது. நான்காவது. நான்கு திருப்பிலும் அது வலதுபுறமே நின்றது. இடது கண்ணுக்கு மாற்றினேன். குழாய் நேராக இருந்தது. கீழே வந்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். ஏழு கம்பிகளும் நேர். குளியலறைக் கோடு நேர். தெருவுக்குப் போய்க் கம்பங்களை எண்ணினேன். பதினொன்றும் நேராக நின்றன. பால்காரர் ஏன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடக்கிறீர்கள் என்று கேட்டார். தூசி என்றேன்.

கடையில் நான் குழலைத் திருப்பவில்லை. மூச்சு எடுப்பதுபோல் நாளுக்கு நானூற்றெண்பது திருப்பு திருப்பியவன், எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அன்று நான்குவரை எண்ணவில்லை. திருப்பியிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

உடனே போன் செய்திருக்க வேண்டும். மூன்று நாள் செய்யவில்லை. பதினான்கு தடவை போனைக் கையில் எடுத்தேன். பலகை, பூ, நண்பரின் அம்மா எல்லாம் மனதில் ஓடின. ஆனால் அவற்றைவிட முன்னால் வந்து நின்றது வேறு. இதைச் சொல்லிவிட்டால் இனி என்னிடம் எதையும் காட்டிக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். கரண்ட் பில்கூட வராது. வியாழக்கிழமை வந்தபோது, பண்டிகைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்தபின் செய்தேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கம்பி, ஓடு, குழாய், நான்கு திருப்பு. மறுபக்கம் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு கண்ணு சரியா இருக்குல்ல சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அப்புறம் என்ன? துப்பாக்கி பிடிக்கிறவன் எவன் ரெண்டு கண்ணாலயும் பாக்குறான். சனிக்கிழமை வர்றேன். சும்னெ இரிங்க."

சும்மா இருங்கள் என்று அர்த்தம். சும்மா இருக்க முடியவில்லை. அந்த இரண்டு ரைஃபிளையும் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருப்பார், அல்லது வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை கடைக்குள் நுழையும்போதே கடைக்காரரிடம் நான் முந்திக்கொண்டு சொன்னேன். தப்பு குழலில் இல்லை, என் வலது கண்ணில் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய் முதல் ரைஃபிளை எடுத்துவந்து அதே பச்சைக் கம்பளிமேல் வைத்தார்.

"அனுப்பல சாப். அன்னைக்கு நீங்க திருப்பிப் பாக்கவே இல்லையே. எங்க அப்பா குழலைத் திருப்பித் திருப்பித்தான் பாப்பாரு."

அவருக்குத் தெரிந்திருந்தது. என் வயதைப் பார்த்து, என் நண்பர் முன்னால் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். நான் டேப்பை எடுத்தேன்; போன தடவை ஒட்டிய டேப் ஜன்னலில் அப்படியே இருந்தது. குழலைத் தூக்கி இடது கண்ணில் வைத்தேன். பழக்கமில்லாத கண், கட்டை தப்பான தோளில் உட்கார்ந்தது, கோடு விழும் இடம் கிடைக்கவே நேரமாயிற்று. நண்பர் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் எண்ணினார். ஒந்து. எரடு. மூரு. நால்க்கு. நான்கிலும் கோடுகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. ஒரு தடவை போதாதென்று இன்னொரு சுற்றும் பார்த்தேன். அவர் அதற்கும் எண்ணினார்.

வலதுபுறம் மரத்தைச் சுரண்ட வேண்டும் என்று மறுபடி சொன்னேன். அந்தக் குறை உண்மையான குறை. கடைக்காரர் அப்போதே ஒரு தண்டில் உப்புக்காகிதம் சுற்றித் தேய்த்துக் கொடுத்தார். தபால் அட்டை தடையில்லாமல் ஓடியது.

"கோ," என்றேன்.

நண்பர் கிளம்பினார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, ரைஃபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, இருட்டுவதற்குள் ஊர் போய்ச்சேர வேண்டும் என்றார். சாப்பாட்டுக்கு நேரமில்லை. என்னை ஈஜிபுராவில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அவருடைய வழி மைசூர் ரோடு, எதிர்த் திசை. வேண்டாம், பஸ் இருக்கிறது என்றேன். ஒன்பது நிறுத்தம். படம் அனுப்புகிறேன் என்று ஜீப்பிலிருந்து சொன்னார்.

அடுத்த வாரம் மகன் அரை நாள் விடுப்பு எடுத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். விழித்திரையின் நடுவில் கோளாறு, வயதானால் வருவது, ஊசி போட்டால் மேலும் போகாமல் நிறுத்தலாம், போனது திரும்புமா என்பதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டம் போட்ட ஓர் அட்டை கொடுத்தார். தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்து, கோடுகள் எங்கே வளைகின்றன என்று கவனிக்க வேண்டும். நீளத்தில் இருபது, அகலத்தில் இருபது, நானூறு கட்டங்கள். வலது கண்ணுக்கு முப்பத்திரண்டு கட்டங்கள் நெளிகின்றன. திரும்பி வரும்போது மகன், அங்கேயே வந்து இருந்துவிடுங்களேன் என்று மெதுவாகச் சொன்னான். யோசிக்கிறேன் என்றேன். அட்டையை ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். வீட்டுக்கார அம்மாவிடம் கம்பி நேர்தான் என்று சொல்லிவிட்டேன். "அய்யோ, அதுக்குள்ள சரியாயிருச்சா சார்?" என்றார்.

பண்டிகையன்று காலை பத்து இருபதுக்குப் படம் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. பலகைமேல் ரைஃபிள், குழலின் வாயில் செங்காந்தள். பூவுக்கு ஆறு இதழ்கள், நுனியில் சிவப்பு, அடியில் மஞ்சள். படத்தின் ஓரத்தில் சந்தனம் வைக்க நீண்ட ஒரு வயதான கை, மணிக்கட்டுவரை மட்டும்.

இடது கண்ணால் பார்த்தேன். நேர். வலது கண்ணால் பார்த்தேன். குழல் பாதிக்கு அப்பால் கொஞ்சம் தளர்ந்து, பூவை நோக்கிச் சாய்ந்திருந்தது. போனைக் கால் சுற்றுத் திருப்பினேன். படம் தானாகவே சுழன்று மறுபடி நிமிர்ந்துகொண்டது. நான்கு முறை திருப்பினேன், நான்கு முறையும் அப்படித்தான் செய்தது.

கோ என்று தட்டி அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. தேங்காய் சுடப் போயிருப்பார்கள்.